காமெடி வந்துச்சு... கால் புண் தெரியலையே!

"டொய்ங்!"

காட்டுப்பள்ளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதிரே அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. இடுப்பில் சொருகியிருந்த செல்போன் சத்தம் போட்டதுதான் தாமதம், "இரு டாக்டரே..." என்று கையை வெடுக்கென உருவிக்கொண்டார்.

வெளிநாட்டுக் கப்பலில் வேலை பார்க்கும் மகன் அனுப்பிய வீடியோ. வடிவேலு அடி வாங்குகிறார். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பதிலுக்கு, கண்ணில் நீர் வழியச் சிரிக்கும் அந்த மஞ்சள் மூஞ்சிப் படத்தை நாலு தரம் தட்டி அனுப்பிவிட்டு, "ம்... இப்போ பாரு" என்று கையை நீட்டினார்.

நாடி பார்த்து முடித்துக் காலைப் பார்த்தேன். திக்கென்றது!

வலது கால் பெருவிரலுக்கு அடியில் ஆழமாக ஒரு புண். ஓரமெல்லாம் கறுத்திருந்தது. கிளிஞ்சல் குத்தி மூன்று வாரம் ஆகிறதாம். "வலிக்கவே இல்லியே!" என்றார். எப்படி வலிக்கும்? பத்து வருடமாகச் சர்க்கரை நோய். காலில் உணர்ச்சி மரத்துப்போய்விட்டது. குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. அங்கேயே சோதித்துப் பார்த்ததில் சர்க்கரை 340!

"பையனுக்குச் சொன்னீங்களாம்மா?"

"எதுக்கு டாக்டரே? அவன் அங்க தண்ணியில கிடக்குறான். தினமும் காமெடி அனுப்புறான், நான் சிரிக்கிற பொம்மை போட்டுடுறேன். அம்மா நல்லா இருக்குதுன்னு அவன் நிம்மதியா இருக்கான்ல..."

வாசகர்களே, இந்தக் கட்டுரையை என்னை எழுத வைத்தது அந்த ஒரு பதில்தான்.

காமெடி மேல் எனக்குக் கோபமா?

இல்லவே இல்லை! பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில், பரீட்சைக்கு முதல் நாள்கூட கவுண்டமணி - செந்திலைப் பற்றிப் பேசிச் சிரித்தவன் நான். 1989-ல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சியை எங்கள் விடுதியில் நடிக்காத ஆள் கிடையாது.

பிடித்த காட்சியையும் பாட்டையும் அடுத்தவருக்கு அனுப்பி மகிழ்வது ஏதோ செல்போன் வந்த பிறகு முளைத்த பழக்கமும் இல்லை. இலங்கை வானொலியில் நேயர் விருப்பம் கேட்டு, பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் நம் பெயரை வாசிக்க மாட்டாரா என்று ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு கிடந்தோமே! கல்யாண வீட்டு மைக் செட்டில் 1965-ல் வந்த 'திருவிளையாடல்' வசனம் ஓடும். தருமியாக நாகேஷ் புலம்பும் கட்டம் வந்தால் சமையல்காரர்கூட கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பார். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' போட்டால், டிவி இருக்கிற வீட்டில் தெருவே உட்கார்ந்திருக்கும். 1993-ல் சன் டிவி வந்த பிறகு 'பெப்சி உங்கள் சாய்ஸ்' நிகழ்ச்சிக்குப் போன் போட்டு, "இந்தப் பாட்டை என் சித்தப்பா குடும்பத்துக்கு..." என்று சொல்லிச் சந்தோஷப்பட்டோம்.

இதையெல்லாம் இன்றைக்கு வாட்ஸ்அப் செய்கிறது. என்ன வித்தியாசம்? அன்றைக்குச் சிரிக்கும்போது பக்கத்தில் ஆள் இருந்தார். இன்றைக்குச் சிரிப்பு மட்டும் வருகிறது, ஆள் வருவதில்லை.

ஒரு சுத்தியல், உலகமெல்லாம் சிரிப்பு

2019 மே மாதம் நடந்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? ஃபேஸ்புக்கில் சிவில் என்ஜினீயர்களுக்கான ஒரு வெளிநாட்டுப் பக்கம், ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு, "உங்கள் ஊரில் இதன் பெயர் என்ன?" என்று கேட்டது. நம் ஊர் இளைஞர் ஒருவர், சுத்தியல் என்று சொன்னதோடு நிற்காமல், இது விழுந்துதான் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணிக்கு மண்டை உடைந்தது என்று ஒரு போடு போட்டார். 2001-ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு செய்த பாத்திரம்தான் நேசமணி. விஷயம் தெரியாதவர்கள், "ஐயோ பாவம், இப்போது அவர் எப்படி இருக்கிறார்?" என்று அக்கறையாக விசாரிக்க, நம் ஆட்கள் விடுவார்களா? நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று ட்விட்டரில் கிளப்பிவிட்டார்கள். மறுநாள் மே 30-ம் தேதி பிரதமர் பதவியேற்பு. அந்தப் பரபரப்பிலும் நேசமணி மண்டைதான் பெரிய செய்தி!

சிங்கப்பூரில் இருப்பவரும் திருவொற்றியூரில் இருப்பவரும் ஒரே நேரத்தில் ஒரே காட்சிக்குச் சிரித்தார்கள். 18 வருடத்துக்கு முந்தைய ஒரு காட்சி, பார்த்தே இராத மனிதர்களை ஒரு நாளைக்கு உறவாக்கியது. நானும் அன்றைக்கு எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்று கணக்கே இல்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சினிமாவில் மண்டை உடைந்த நேசமணியை, "எப்படி இருக்கிறார்?" என்று முன்பின் தெரியாத ஜனங்கள் விசாரித்தார்கள். காட்டுப்பள்ளியில் நிஜமாகவே கால் புண்ணான அம்மாவை விசாரிக்கத்தான் ஆள் இல்லை!

சிரிப்புக்கும் அனுபானம் உண்டு

சித்த மருத்துவத்தில் 'அனுபானம்' என்று ஒன்று உண்டு. மருந்தை எதோடு கலந்து கொடுப்பது என்பதுதான் அது. ஒரே சூரணத்தைத் தேனில் கொடுத்தால் ஒரு குணம், நெய்யில் கொடுத்தால் வேறு குணம், வெந்நீரில் கொடுத்தால் இன்னொன்று. மருந்து சரியாக இருந்து அனுபானம் தவறினால், "டாக்டர் கொடுத்தது கேட்கவே இல்லை" என்பார்கள்.

சிரிப்புக்கு அனுபானம் எது? பக்கத்தில் இருக்கும் மனுஷர்தான்!

இது என் சொந்தச் சரக்கு மட்டும் இல்லை. 2011-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபின் டன்பார் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். சிலரை உட்கார வைத்து நகைச்சுவை வீடியோ காட்டினார்கள். வேறு சிலருக்குச் சிரிப்பே வராத சாதாரண வீடியோ. முன்னும் பின்னும் கையில் உறைகுளிர்ப் பட்டையைச் சுற்றி, எவ்வளவு நேரம் வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். நன்றாகச் சிரித்தவர்கள் கூடுதலாக வலி தாங்கினார்கள். வயிறு குலுங்கச் சிரிக்கும்போது, வலியைக் குறைக்கும் எண்டார்ஃபின் என்ற பொருள் மூளையில் சுரப்பதுதான் காரணமாக இருக்கும் என்பது அவர்கள் கருத்து. முக்கியமான விஷயம், தனியாக உட்கார்ந்து பார்த்தவர்களைவிடக் கூட்டமாகப் பார்த்தவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அமெரிக்க உளவியல் அறிஞர் ராபர்ட் ப்ரோவைன், தனியே இருப்பதைவிட நாலு பேரோடு இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கணக்கிட்டுச் சொன்னவர்.

இன்னொருவர் கதையும் சொல்கிறேன். நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியருக்கு 1964-ல் மூட்டுகளை முடக்கும் கடுமையான நோய் வந்தது. அவர் அறைக்குப் புரொஜெக்டர் கொண்டுவரச் சொல்லி, சிரிப்புப் படங்களைப் போட்டுப் பார்த்தார். பத்து நிமிஷம் வாய்விட்டுச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலி இல்லாமல் தூங்க முடிந்தது என்று பிறகு எழுதினார். இதைப் படித்துவிட்டு, "டாக்டரே வேண்டாம், காமெடி போதும்" என்று கிளம்பிவிடாதீர்கள். கசின்ஸ் தன் டாக்டரைக் கூடவே வைத்துக்கொண்டு, அவர் சம்மதத்தோடுதான் எல்லாம் செய்தார். சிரிப்பு வலியை மறக்க வைக்கும். புண்ணை ஆற்றாது. வலியே தெரியாத சர்க்கரைக் காலுக்கு, மறக்க வைக்கிற மருந்து எதற்கு?

நடுராத்திரிச் சிரிப்பு

எண்ணூர் நெடுஞ்சாலையில் போய்ப் பாருங்கள். துறைமுகத்துக்குள் நுழைய கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். மணிக்கணக்கில் காத்திருக்கும் டிரைவர் தம்பிகளுக்கு செல்போன் காமெடிதான் துணை. பாவம், வேறென்ன செய்வார்கள்? என்னிடம் இடுப்பு வலி, தலை வலி என்று வரும் டிரைவர்களைக் கேட்டால், "ஒண்ணு பார்க்கலாம்னு எடுத்தா, மணி ரெண்டாயிடுது சார்" என்கிறார்கள். ஒரு காட்சி முடிந்தால் அடுத்தது தானாக வந்து நிற்கிறது. அவர்களாக நிறுத்தினால்தான் உண்டு.

அடக்கக்கூடாத இயற்கை வேகங்கள் என்று 14-ஐ நம் முன்னோர் வகுத்து வைத்தார்கள். தும்மல், கொட்டாவி, பசி, தாகம், கண்ணீர் இதெல்லாம் அந்தப் பட்டியலில் வரும். தூக்கமும் அதில் ஒன்று. கண் சொக்கும்போது, "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று அடக்கினால் தலை கனக்கும், கண் எரியும், உடம்பு அசதியாகும், மறுநாள் எரிச்சல் வரும். அரைத் தூக்கத்தில் 40 அடி கன்டெய்னரை இழுத்துக்கொண்டு ரோட்டில் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டியரிங் பிடித்தபடியே வீடியோ பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். தம்பிகளே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம்!

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

நகைச்சுவை பிறக்கும் இடம் நான்கு என்று தொல்காப்பியம் கணக்குச் சொல்கிறது. குழந்தைத்தனம், அறியாமை, ஏமாளித்தனம் ஆகியவற்றோடு அடுத்தவரை எள்ளி நகையாடுவதும் அதில் ஒன்று. இந்த எள்ளலில்தான் கொஞ்சம் ஜாக்கிரதை தேவை.

பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணை அவள் அம்மா அழைத்து வந்தார். "சாப்பிடவே மாட்டேங்குறா டாக்டர்." எல்லாச் சோதனையும் சரியாக இருந்தது. அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டபோது விஷயம் வந்தது. குண்டான ஒரு பெண்ணைக் கேலி செய்யும் பழைய காமெடிக் காட்சியைக் குடும்ப குரூப்பில் போட்டு, இவள் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறார் மாமா. பெரியப்பா முதல் சித்தி பையன் வரை 23 பேர் சிரித்திருக்கிறார்கள். அந்த 23 சிரிப்பையும் எண்ணி வைத்திருந்தாள் அந்தப் பெண்!

மாமா கெட்டவர் இல்லை. பிரியமாகத்தான் செய்திருப்பார். வடிவேலு காட்சிகளில் பெரும்பாலும் அடி வாங்குவது அவர்தான். அதனால் யாருக்கும் வலிப்பதில்லை. அதையே வீட்டுப் பிள்ளையின் உடம்போடும் நிறத்தோடும் முடிச்சுப் போட்டால் மருந்து விஷமாகிவிடும்.

என் மேலும் தப்பு இருக்கிறது

ஊருக்கு உபதேசம் செய்கிற நான் யோக்கியனா என்று கேட்டால், இல்லை.

எங்கள் கல்லூரித் தோழர்கள் குரூப்பில் ஒரு நண்பன். தினமும் காலை ஐந்தரை மணிக்கு ஒரு பழைய காமெடி போடுவான். ஒரு நாள் நாகேஷ், ஒரு நாள் சந்திரபாபு, ஒரு நாள் தங்கவேலு. நாங்களும் சிரிக்கிற மூஞ்சி போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போவோம். இப்படியே பல மாதம்.

ஒரு கல்யாணத்தில் அவனை நேரில் பார்த்தேன். பாதி ஆளாக இளைத்திருந்தான். விசாரித்தால், மனைவி ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்து இறந்துபோய் நாற்பது நாள்தான் ஆகிறது. "ஏன்டா சொல்லல? தினமும் காமெடிதானே அனுப்பிக்கிட்டிருந்தே!" என்றேன்.

"ஆஸ்பத்திரி வராண்டாவுல தூக்கம் வராதுலே. அதான் எதையாவது அனுப்புவேன். நீங்கள்லாம் சிரிச்சா, யாரோ கூட இருக்க மாதிரி இருக்கும். எவனாவது ஒருத்தன் போனைப் போட்டு, 'எப்படிலே இருக்க?'ன்னு கேக்க மாட்டானான்னும் இருக்கும்" என்றான்.

குரூப்பில் நாங்கள் 41 பேர். அத்தனை பேரும் வைத்தியர்கள். நாடி பிடித்துப் பார்த்தே நோயைச் சொல்வோம் என்று பெருமை வேறு!

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. காமெடியைப் பெறுகிறவர் மட்டும் இல்லை, அனுப்புகிறவரும் நோயாளியாக இருக்கலாம். திடீரென்று நிறைய அனுப்ப ஆரம்பித்தாலும் சரி, தினமும் அனுப்புகிறவர் சட்டென்று நிறுத்திவிட்டாலும் சரி, ஒரு போன் போட்டுப் பாருங்கள்.

வீட்டுக்கு வீடு ஒரு பத்தியம்

மருந்து எழுதினால் பத்தியமும் சொல்ல வேண்டும் அல்லவா? இதோ:

* பத்து வீடியோவைக் கொட்டாதீர்கள். ஒன்று போதும். அதோடு உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி சேருங்கள். "அப்பா, இந்தப் படத்துக்கு என்னை மகாராணி தியேட்டருக்குத் தோளில் தூக்கிட்டுப் போனீங்களே" என்று ஒரு வரி போதும். அப்பா அந்த வீடியோவை ஒரு தரம் பார்ப்பார், அந்த வரியைப் பத்து தரம் படிப்பார்.

* தூரத்தில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு வாரம் இரண்டு தரமாவது முகம் பார்த்துப் பேசுங்கள். "நல்லா இருக்கீங்களா?" என்று பொதுவாகக் கேட்டால், "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். "மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க? ராத்திரி எத்தனை தரம் எழுந்தீங்க? மாத்திரை இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள்.

* வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், வீடியோ காலிலேயே உள்ளங்காலைக் காட்டச் சொல்லுங்கள். வெடிப்பு, கொப்புளம், நிற மாற்றம் எது தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள். மஞ்சள் பற்று, பச்சிலை என்று சொந்த வைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்!

* ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அந்த வாரம் வந்த நல்ல காட்சிகளை டிவியில் போட்டு எல்லோரும் சேர்ந்து பாருங்கள். பாட்டிக்குத் தங்கவேலு, பேரனுக்கு யோகி பாபு. பேரன் ஏன் சிரிக்கிறான் என்று பாட்டி கேட்பார், விளக்குவதற்குள் இன்னொரு சிரிப்பு வரும்.

* ராத்திரி பத்து மணிக்குப் போன் கூடத்தில் தூங்கட்டும், நீங்கள் அறையில் தூங்குங்கள். படுக்கும் முன் உள்ளங்காலில் கொஞ்சம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டால் இதமாக இருக்கும். காலில் புண் இருப்பவர்களுக்கு இது வேண்டாம்.

* சமீபத்தில் வயிற்றில் ஆபரேஷன் செய்தவர், குடலிறக்கம் உள்ளவர் ஆகியோருக்கு வயிறு குலுங்கும் காமெடி கொஞ்ச நாள் கழித்து.

அந்த அம்மா என்ன ஆனார்?

சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள்.

அன்றைக்கே ஆட்டோ பிடித்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண் கூடப் போனார். பெருவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும். காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-ல் வந்தது, பிறகு கப்பல் கட்டும் தளம் வந்தது, துறைமுகம் வந்தது. உலகத்தின் எந்த மூலைக்கும் அங்கிருந்து சரக்கு போகிறது. அதே ஊரில் ஒரு தாயின் கால் புண் செய்தி மகனுக்குப் போய்ச் சேர மூன்று வாரம் பிடித்தது. போன் இல்லாமல் இல்லை. போனில் சிரிப்பு மட்டுமே போய் வந்துகொண்டிருந்தது.

அவர் தடுத்தும் கேட்காமல் மகனுக்கு நானே போன் போட்டேன். கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தமே இல்லை. பிறகு, "தினம் சிரிச்சிக்கினுதான சார் இருந்துச்சு..." என்று உடைந்துவிட்டான்.

போன மாதம் மறுபடி அந்தத் திண்ணைக்குப் போனேன். புண் ஆறி, மெத்தென்ற செருப்பு போட்டு நடக்கிறார். சர்க்கரை கட்டுக்குள். போன் அடித்தது. மகன்தான், வீடியோ கால்.

"ஆயாவுக்கு வேற வேலையே இல்ல டாக்டரே" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டுப் பெண். "முதல்ல காலைக் காட்டணுமாம். காட்டினாத்தான் அவரு காமெடி அனுப்புவாராம்!"

அந்த அம்மா முகத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டிய போனைப் பாதத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது அறுபத்தைந்து வருடத்துக் காய்ப்பு ஏறிய பாதம். மகன் பார்த்துச் சிரித்ததும் அதைத்தான். அன்றைக்குச் சிரிப்பு மூஞ்சி பொம்மை எதுவும் தேவைப்படவில்லை.

நீங்கள் இன்றைக்கு யாருக்குக் காமெடி அனுப்பினீர்கள்? பத்திரிகையை மூடிவிட்டு, அவருக்கு ஒரு போன் போடுங்களேன்!